வலைப்பதிவு எழுதி ஆள் பிடித்த கம்பெனி

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் ஆன்லைனில் பஸ் டிக்கெட் விற்கும் கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே அறிவுக்குப் பஞ்சமில்லை. யாரும் எடுத்துச் செலவு செய்ததில்லை, அவ்வளவுதான். அதில் எஞ்சினியராக இருந்த பூபதிக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. லீவு கேட்டுப் போனார்.

"உங்க இடத்துக்கு நல்ல எஞ்சினியர் ஒருத்தர் கிடைக்கட்டும், தாராளமாப் போங்க," என்றார் முதலாளி நாச்சிமுத்து. "பெரிய கம்பெனியெல்லாம் எப்படி ஆள் பிடிக்குது? சிக்கலை எப்படித் தீர்த்தோம்னு வலைப்பதிவு எழுதுது. படிச்சுட்டுக் கெட்டிக்காரன் தேடி வர்றான். நீங்களும் எழுதுங்க."

பூபதியும் உடன் வேலை பார்த்த மெர்லினும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"நம்மகிட்டச் சிக்கலே இல்லையே பூபதி. எல்லாம் ஒழுங்கா ஓடுது."

"அதுதாங்க நம்ம குறை. மத்தவங்க எவ்வளவு முன்னேறியிருக்காங்க பாருங்க, வாரத்துக்கு ஒண்ணு உடையுது."

"அப்ப நாமளும் ஒண்ணை உடைக்கலாமா?"

"உடைச்சுத்தான் ஆகணும். பொய் எழுதக் கூடாதில்ல."

பூபதி சர்வரை நிறுத்தினார். காந்திபுரம் பஸ் நிலையத்தில் டிக்கெட்டைக் காட்ட முடியாமல் ஜனம் கண்டக்டர்களோடு மல்லுக்கட்டியது. தோல்வியைக் கொண்டாட வேண்டும் என்று ஏதோ ஒரு பெரிய கம்பெனியின் பதிவில் மெர்லின் படித்திருந்ததால், இங்கே கேக் வெட்டினார்கள். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து பூபதி சர்வரை மறுபடி ஓடவிட்டார். 'பேரிடரை நாங்கள் வென்ற விதம்' என்று நீளமாக எழுதினார். நிறுத்தியது யார் என்பதை மட்டும், அடக்கம் கருதி, குறிப்பிடவில்லை.

படித்த நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இதை எழுதினவரைத்தான் நாம தேடிட்டு இருக்கோம். வேற கம்பெனி கொத்திட்டுப் போறதுக்குள்ள இன்டர்வியூவுக்குக் கூப்பிடுங்க."

மெர்லின் பூபதியைக் கூப்பிட்டார். பூபதி இஸ்திரி போட்ட சட்டையில் வந்து, வரவேற்பறையில் காத்திருந்து, உள்ளே போனார்.

"இப்ப இருக்கிற கம்பெனியை ஏன் விடறீங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"கல்யாணத்துக்குக் கூட லீவு தர மாட்டேங்கறாங்க."

"இப்படியும் கம்பெனி நடத்தறானுக பாருங்க," என்று மெர்லினிடம் உச்சுக்கொட்டிய நாச்சிமுத்து, அங்கேயே வேலை கொடுத்துவிட்டார். "நல்லதாப் போச்சு. பழைய பூபதி இனிக் கல்யாணத்துக்குக் கிளம்பலாம். ஆனா புதுசாச் சேர்றவருக்கு ஆறு மாசம் லீவு கிடையாது. அது கம்பெனி விதி."

பூபதி கட்டிக்கொள்ளப் போகும் தாரணிக்குப் போன் போட்டார். "எனக்கு லீவு கிடைச்சிருச்சுங்க. என் இடத்துக்கு வந்தவனுக்குத்தான் கிடைக்கல."

தாரணி கொஞ்சம் யோசித்தாள். "அவரு எதுக்குங்க? நீங்க வந்தாப் போதும்."

பூபதிக்கு அது நியாயமாகப் பட்டது. "முகூர்த்தத்துக்கு வந்துடறேன். அதுக்கு முன்னாடி அவனுக்கு வேலையைச் சொல்லிக்கொடுக்கணும். ஆள் கொஞ்சம் மந்தமா இருக்கான்."