என்னோடதுன்னு ஒரு படம்

"என்னோடதுன்னு சொல்ல ஒரு படம் இல்ல மாஸ்டர்," என்றார் பால்வண்ணம்.

சவரிமுத்து மாஸ்டர் அந்தோணியார் சுரூபத்தின் அங்கிக்குப் பழுப்பு வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"உக்காருலே."

உட்கார்ந்தார். அறுபது தாண்டி, டிராயிங் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வும் பெற்று, பேரன் பேத்தி எடுத்த மனுஷன். ஆனாலும் அந்த ஒரு 'லே'யைக் கேட்க வேண்டுமென்றால் அவர் டவுன் பஸ் ஏறி இந்தப் பாளையங்கோட்டை வீட்டுக்குத்தான் வரவேண்டும். அப்படிக் கூப்பிட வேறு ஆள் மிச்சமில்லை.

"இப்ப எதுக்குப் படம்?"

"பள்ளிக்கூடத்துல புது ஹால் கட்டியிருக்காங்க. படிச்சுப் போன பிள்ளைங்க எல்லாம் சேந்து, டிராயிங் சார் வரைஞ்ச படம் ஒண்ணு அங்க தொங்கணும்னு ஒத்தக்கால்ல நிக்காங்க. ஞாயித்துக்கிழமை திறப்பு விழா."

"குடுக்க வேண்டியதுதான?"

"எதைக் குடுக்க?"

நியாயமான கேள்விதான். பரணைக்கூட உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஜங்ஷன் பக்கம் மாஸ்டரின் கொட்டகையில் சினிமா பேனர் வரைந்த காலம் ஒன்று. கதாநாயகியின் மூக்கே ஆள் உயரம் இருக்கும். மத்தியானம் அவள் நாடிக்குக் கீழே உட்கார்ந்துதான் எல்லோரும் தூக்குவாளியைத் திறப்பார்கள். மழை வந்தால் ஒதுங்குவதும் அங்கேதான். புதுப்படம் வந்துவிட்டால் அதே துணியில் வெள்ளை அடித்து அவளை அழித்துவிடுவார்கள். அழிக்கும்போது ஒருத்தருக்கும் அவள் முகத்தைப் பார்க்க மனசு வராது.

அப்புறம் சிவகாசி. காலண்டர் லட்சுமிக்கு நகை நகையாகப் போட்டார். வருஷம் முடிந்ததும் லட்சுமி பள்ளிப் புத்தகத்துக்கு அட்டையாகிப் போனாள்.

தேர்தல் வந்தால் சுவர். காலையில் ஒரு கட்சி, சாயங்காலம் எதிர்க்கட்சி. நடுவில் தூரிகையை மண்ணெண்ணெயில் கழுவுவது ஒன்றுதான் அவருடைய கொள்கை. மருத்துவக் கல்லூரிக்கு இதயமும் ஈரலும் வரைந்து கொடுத்தார். ஈரலில் எங்கே போய்ப் பேர் எழுத? கடைசியாக வாத்தியார் வேலை. கரும்பலகையில் மயிலை நிறுத்திவிட்டு வருவார். அடுத்த பீரியட் கணக்கு வாத்தியார் வந்து மயிலைத் துடைத்துவிட்டு வட்டம் போடுவார்.

"எல்லாம் அடுத்தவன் கேட்டது, அடுத்தவன் மூஞ்சி. அதுவும் அழிஞ்சு போச்சு," என்றார் பால்வண்ணம். "இப்ப எனக்குன்னு துணியை மாட்டி வச்சு உக்காந்தா கை ஓட மாட்டேங்குது. என் கை எதுன்னு எனக்கே தெரியல. படம் இல்லன்னு சொல்லிரலாம்னு இருக்கேன். ஆனா..."

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஆசையா இருக்கு மாஸ்டர். வெக்கத்தை விட்டுச் சொல்லுதேன். ஒரு சுவத்துலயாவது நான் இருந்துட்டுப் போகணும்."

மாஸ்டர் தூரிகையைக் கழுவினார். துணியில் துடைத்தார்.

"எனக்கு இன்னைக்கு ஊசி போடணும். துணைக்கு வா."

பால்வண்ணத்துக்குச் சுருக்கென்றது. நெஞ்சைத் திறந்து காட்டினால் ஊசிக்குக் கூப்பிடுகிறாரே! ஆனால் இந்த மனுஷர் அன்றைக்கும் இப்படித்தான். கொட்டகையில் எதையாவது கேட்டால் பதில் வராது, ஒரு வேலைதான் வரும்.

எழுந்து பின்னால் போனார்.

கிளினிக்கில் நர்ஸ் இவரைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பானாள்.

"டிராயிங் சார்தான? நான் இசக்கியம்மா சார். கடைசி பெஞ்சு."

"நல்லா வரைவியாம்மா?" மாஸ்டர் கேட்டார்.

"எங்க வரைய, தாத்தா! நான் யானை வரைஞ்சா, பூசணிக்காய்க்கு எதுக்கும்மா வால்னு சார் கேப்பாங்க."

மாஸ்டர் சட்டைக் கையைச் சுருட்டினார். இசக்கியம்மாள் பஞ்சால் துடைத்துவிட்டு ஊசியை எடுத்தாள்.

பால்வண்ணத்தின் கண் அவள் கையில் போய் நின்றது. ஊசியைப் பிடித்த விரல்களை விட்டு விலகி, சுண்டு விரல் மட்டும் தனியாக மேலே நின்றது.

"வலிச்சுதா தாத்தா?"

"இல்ல. அந்த விரலை எதுக்கும்மா அப்படித் தூக்கி வச்சிருக்க?"

அவள் தன் விரலையே இப்போதுதான் பார்ப்பவள் மாதிரி பார்த்தாள்.

"இதுவா? பழகிப் போச்சு தாத்தா. சுண்டு விரல் தாள்ல பட்டா சார் ஸ்கேலால ஒண்ணு வைப்பாங்க."

பால்வண்ணம் ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்த்தார்.

திரும்பும் வழியில் மாஸ்டருக்கு ஒரு சட்டைக்கு அளவு கொடுக்க வேண்டியிருந்தது. தையல்காரர் வேறொருவர் துணியில் சுண்ணக்கட்டியால் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். வாயில் குண்டூசி. நிமிர்ந்து பார்த்து, தன் பழைய டிராயிங் சாரைக் கண்டதும் குண்டூசியோடே "சார்" என்றார். அவர் கையிலும் சுண்டு விரல் மேலே நின்றது.

வீடு வந்து சேர்ந்தார்கள்.

"ஈரத்துல கை பட்டுரக் கூடாதுல்லா மாஸ்டர்," என்று பால்வண்ணமே ஆரம்பித்தார். "அதுக்குத்தான் சொல்லிக் குடுத்தேன்."

"பென்சிலுக்கு ஏதுலே ஈரம்?"

பால்வண்ணம் தன் சுண்டு விரலைப் பார்த்தார்.

"உனக்கு யாரு சொல்லித் தந்தா?"

"நீங்கதான்."

"நான் எப்பச் சொன்னேன்?"

பால்வண்ணம் யோசித்தார். கொட்டகைக்கு வந்த முதல் நாள் ஞாபகம் வந்தது. வர்ண வாசனையும் மண்ணெண்ணெய் வாசனையும் கலந்து தலை சுற்றியது. மேலே சாரத்தில் மாஸ்டர். ஒரு பெரிய கண்ணுக்கு இமை போட்டுக்கொண்டிருந்தார். சுண்டு விரல் மட்டும் ஒய்யாரமாகத் தள்ளி நின்றது. ஆகா, இதில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று பையனுக்குப் பட்டுவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சுண்டு விரலில் ஈர்க்குச்சியை வைத்துக் கட்டிக்கொண்டு தூங்கினார். விரல் பழகும்வரை தினமும் அப்படித்தான் தூங்கினார்.

மாஸ்டர் சொல்லவே இல்லை.

"இந்தா," என்று மாஸ்டர் கையை நீட்டினார். "மடக்கிப் பாரு."

அந்தக் கையைப் பால்வண்ணம் எத்தனையோ காலம் அண்ணாந்து பார்த்திருக்கிறார். தொட்டதில்லை. இப்போது பிடித்து ஒவ்வொரு விரலாக மடக்கினார். மற்றதெல்லாம் மடங்கின. சுண்டு விரல் குச்சி மாதிரி நின்றது.

"பேனருக்குச் சட்டம் அடிக்கயில சுத்தியல் விழுந்துருச்சு. நீ வாரதுக்கு முந்தி."

"இத்தனை காலமா சொல்லலையே மாஸ்டர்."

"நீ கேக்கலையே. நல்லாத்தான வரையுதான்னு விட்டுட்டேன்."

பால்வண்ணத்துக்கு அவமானமாக இருந்தது. என்றைக்கோ விழுந்த ஒரு சுத்தியலுக்காக எத்தனை பிள்ளைகளை ஸ்கேலால் அடித்திருக்கிறார்! கூடவே சிரிப்பும் வந்தது. அடக்கப் பார்த்தார், முடியவில்லை. மாஸ்டரும் முன்பல் இல்லாத வாயைத் திறந்து சிரித்தார். சிரித்து ஓய்ந்தபோது பால்வண்ணத்துக்குக் கண் கலங்கியிருந்தது. அந்தக் கொட்டகையும் அந்தச் சாரமும் மறுபடி ஒரு நாளைக்கு வேண்டும் போல இருந்தது. மாஸ்டரின் கையை விடவே மனசில்லை.

"அப்ப இந்த விரல் யாரோடது மாஸ்டர்?"

மாஸ்டர் கையை இழுத்துக்கொண்டு அந்தோணியாரிடம் திரும்பிவிட்டார்.

"வெளிச்சம் போகுது. வீட்டுக்குப் போலே."

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. இசக்கியம்மாள் பிள்ளையோடு வந்திருந்தாள். தையல்காரர் புதுச்சட்டை போட்டிருந்தார். முன்வரிசையில் மாஸ்டரை உட்கார வைத்துக் கையில் மிக்சர் பொட்டலம் கொடுத்திருந்தார்கள்.

தலைமையாசிரியை திரையை இழுத்தார்.

படத்தில் ஒரு கை மட்டும்தான் இருந்தது. முகம் இல்லை, ஆள் இல்லை. தூரிகையைப் பிடித்த ஒரு கை. அதில் சுண்டு விரல் விலகி, நேராக நின்றது.

முதலில் இசக்கியம்மாள் தன் கையைத் தூக்கிப் பார்த்தாள். தையல்காரர் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒவ்வொரு வரிசையாக முன்னால் வந்தது.

"ரொம்ப நல்லா இருக்கு சார்," என்றார் தலைமையாசிரியை. அவர் வெளியூர், இந்தப் பள்ளிக்குப் புதுசு. "இது யாரோட கை? கீழே எழுதணும்."

பால்வண்ணம் மாஸ்டரைப் பார்த்தார். அவர் சுண்டு விரல் படாமல் மிக்சர் தின்றுகொண்டிருந்தார். ஹாலைப் பார்த்தார். அத்தனை பேரும் அவரவர் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியலையேம்மா," என்றார் சந்தோஷமாக.