நான்காவது பாட்டில்

அன்று மடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர். அம்மா. சமையல் பார்க்கும் பச்சைமுத்து. அம்மாவிடம் கேட்டுத் தெளிய வருகிற தில்லைநாயகம். கதவைத் திறந்து மூடுகிற நான். காரை ஐந்தாவதாகச் சேர்த்துக்கொள்ளலாம். அன்று பேச்செல்லாம் அதைப் பற்றித்தான்.

அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. தில்லைநாயகத்துக்கு அறுபத்தாறு. ஆனாலும் அம்மா குரு, அவர் சீடர்.

தில்லைநாயகம் காரை வாசலில் நிறுத்தி இறங்கினார். இறங்கும்போது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.

"சீட்டைப் பின்னால தள்ளிக்கிட்டா என்னங்கய்யா? மடக்குக் கத்தி மாதிரி உக்காந்து ஓட்டுறீங்க" என்றான் பச்சைமுத்து.

தில்லைநாயகம் சீட்டைத் தொடாமல் கதவைச் சாத்தினார். உள்ளே வந்து சாவியை அம்மாவின் முன்னால் வைத்தார்.

"இது மங்கையோட காரு."

மங்கை அவர் மனைவி. இறந்து ஒரு வருடம் கடந்திருந்தது. சிறு வயதிலிருந்தே மங்கைக்கு இடது கால் சூம்பியிருந்தது. கிளட்ச் மிதிக்க முடியாது. அதனால் தானாகவே கியர் மாறும் காராகப் பார்த்து வாங்கியிருந்தார்கள்.

"பதினாறாம் நாளே புடவையெல்லாம் குடுத்துட்டேம்மா. கட்டில், கண்ணாடி, கைத்தடி, எதையும் வச்சுக்கலை. இது ஒண்ணுதான் பாக்கி. மடத்துக்கு எடுத்துக்குங்க. என்னையும் இங்கயே இருக்க விடுங்க."

"எதுக்கு?"

"இதையும் குடுத்துட்டா இந்த ஏக்கம் போகாதா?"

அம்மா சாவியைத் தொடவில்லை. "வண்டி நல்லா ஓடுதா?"

"ஓடுது. கியர் மாறும்போது ஒரு உதறு உதறுது. கியர் பாக்ஸ் ஆயிலை மாத்தி ரொம்ப நாளாச்சு."

"யார் மாத்துவாங்க?"

"வெளிய விட்டதில்லை. நானே வீட்டுல மாத்துவேன்."

"ஆயில் இருக்கா?"

"டிக்கியில இருக்கு. அவ இருக்கும்போது வாங்கினது. ஒரு லிட்டர் பாட்டில் நாலு. சீல் உடைக்கலை."

"மாத்திட்டு வாங்க. பேசலாம்" என்றார் அம்மா.

மடத்துக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் உண்டு. தண்ணீர் வந்து வெகு காலம் ஆகிறது. தில்லைநாயகம் இரண்டு கரைகளிலும் சக்கரங்கள் நிற்கும்படி காரை நிறுத்தினார். நான் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். அவர் வாய்க்காலில் இறங்கி, மல்லாந்து, காருக்கு அடியில் நகர்ந்து போனார். அந்த வயதில் அது எளிதல்ல. ஆனால் அவர் கைக்கு இடம் தெரிந்திருந்தது. அகலத் தட்டை அடியில் வைத்துப் போல்ட்டைக் கழற்றினார்.

பழைய ஆயில் விழுந்தது. கறுத்திருந்தது.

"அடிப்பிடிச்ச புளிக்குழம்பு வாசனை" என்றான் பச்சைமுத்து.

"உன் குழம்பா?" என்றார் தில்லைநாயகம் அடியிலிருந்து. அன்று அவர் சொன்ன வேடிக்கை அது ஒன்றுதான்.

சொட்டு நின்றதும் போல்ட்டைப் புது வாஷர் போட்டு முடுக்கினார். வெளியே வந்தார். தட்டை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு போய், ஜெனரேட்டரின் கழிவு ஆயில் கிடக்கும் டிரம்மில் கவிழ்த்தார். திரும்பிப் பார்க்காமல் வந்து கையைத் துடைத்தார்.

"முழுசும் வந்திருச்சாய்யா?" என்று கேட்டான் பச்சைமுத்து.

"வராது. பாதிக்கு மேல உள்ளயே நிக்கும். யார் கழட்டினாலும் அப்படித்தான்."

"பழசோடயா புதுசை ஊத்துவாங்க?"

"ரெண்டும் கலந்து ஓடும். நல்லாவே ஓடும்."

அம்மா வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்தார்.

தில்லைநாயகம் முதல் பாட்டிலின் சீலை உடைத்தார். புது ஆயில் மாதுளைச் சாறு போலச் சிவந்திருந்தது. நீண்ட புனலைக் கியர் பாக்ஸின் குழாயில் செருகினார்.

"எவ்வளவு ஊத்தணும்?" என்றான் பச்சைமுத்து.

"எவ்வளவு வெளிய வந்துச்சோ அவ்வளவு. குறைஞ்சாலும் கெடுதல், கூடினாலும் கெடுதல்."

"எவ்வளவு வந்துச்சு?"

தில்லைநாயகம் பாட்டிலைச் சாய்த்தபடியே நின்றார். பிறகு நிமிர்த்தினார். டிரம்மைப் பார்த்தார். அதில் ஏற்கெனவே எவ்வளவு கிடந்தது என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

"அளக்கலையே" என்றார்.

"முன்னெல்லாம் எப்படி அளப்பீங்க?" என்று கேட்டார் அம்மா.

அவர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"நான் அளந்ததே இல்லைம்மா. நான் அடியில படுத்திருப்பேன். அவ முக்காலி போட்டு வெளிய உக்காந்திருப்பா, மடியில அளவு ஜாடியோட. நான் தட்டை நீட்டினா ஜாடியில ஊத்திப் பார்ப்பா. பார்த்துட்டு எனக்குக் கேட்கிற மாதிரி சத்தமா சொல்லுவா. காது கேட்காதவனுக்குச் சொல்ற மாதிரி. தெருவே கேட்கும். 'மெதுவாச் சொல்லு, ஏலம் விடுறியா?'ன்னு திட்டுவேன்."

டிரம்மை மறுபடி பார்த்தார்.

"அளக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை."

பச்சைமுத்து தலையைக் குனிந்துகொண்டான்.

"இப்ப என்ன வழி?" என்றார் அம்மா.

"கொஞ்சங்கொஞ்சமா ஊத்தணும். இன்ஜினை ஓடவிட்டுக் கியரை எல்லா இடத்துக்கும் நகர்த்தணும். அப்புறம் அளவுக் குச்சியை உருவி, கோடு வரைக்கும் வந்திருக்கான்னு பார்க்கணும். நேரமாகும்."

"ஆகட்டும்."

மூன்று பாட்டில்களை ஊற்றினார். உள்ளே போய், முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பிரேக்கை மிதித்துக் கியர் கம்பியை ஒவ்வொரு இடமாக நகர்த்தினார். இறங்கி வந்தார். அளவுக் குச்சியை உருவித் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். ஆயில் கோட்டுக்குக் கீழே இருந்தது.

"நான் பார்த்துச் சொல்றேன், நீங்க உள்ளயே இருங்கய்யா" என்றான் பச்சைமுத்து.

"வேணாம். அவரே பார்க்கட்டும்" என்றார் அம்மா.

நான்காவது பாட்டிலைத் திறந்து கொஞ்சம் ஊற்றினார். உட்கார்ந்தார், இறங்கினார், பார்த்தார். "வரலை" என்று முணுமுணுத்தார். இன்னும் கொஞ்சம் ஊற்றினார். "வரலை" என்றார். இந்த முறை எங்களுக்குக் கேட்டது. வெயில் மரத்தைத் தாண்டி வாய்க்காலுக்குள் இறங்கியது. கடைசியாகக் குச்சியை உருவியபோது ஆயில் சரியாகக் கோட்டில் நின்றது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காரை எடுத்துக்கொண்டு வெளிச் சாலையில் ஒரு சுற்றுப் போய் வந்தார். திரும்பியவர் காரை நிறுத்தி, இறங்காமல் கதவை மட்டும் திறந்தார். அம்மா எழுந்து அருகில் போனார்.

"உதறுதா?"

"இல்லைம்மா. அவ ஓட்டின மாதிரி போகுது."

அம்மா சாவியை எடுத்து வரச் சொல்லவில்லை. அவருடைய முழங்காலைப் பார்த்தார்.

"வண்டியை ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க. அவங்க வச்ச சீட்டைப் பின்னால தள்ள மனசு வர்ற அன்னைக்குக் கொண்டாங்க. வாங்கிக்கிறேன்."

தில்லைநாயகத்தின் கை சீட்டுக்கு அடியிலிருந்த கம்பிக்குப் போனது. அங்கேயே நின்றது. பிறகு திரும்பி வந்தது.

"போறேம்மா" என்றார். "ஆனா எவ்வளவு போச்சுன்னே தெரியாம கொட்டிட்டேனே. அதை இனிமே எப்படி அளக்கிறது?"

அம்மா வாய்க்கால் கரையைக் காட்டினார். காலியான மூன்று பாட்டில்களுக்குப் பக்கத்தில் நான்காவது நின்றது.

"மிச்சத்தைப் பாருங்க."

அவர் இறங்கிப் போய் அந்தப் பாட்டிலை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, ஆயில் நிற்கும் அளவுக் கோட்டில் கட்டைவிரலை வைத்தார். உதடு அசைந்தது. பிறகு, காருக்கு அடியில் யாரோ படுத்திருப்பது போல, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"மிச்சம் அறுநூறு மில்லி."