மணல்மேட்டில் நின்றுவிட்ட சடைச்சி

புல்லுக்கும் பறவைக்கும் நெருப்புக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில், தெற்கே கடலுக்கு அப்பால் ஒரு மணல்மேட்டில் சடைச்சி என்றொரு புல் இருந்தாள். முழங்கால் உயரம்கூட இல்லை. சுற்றிலும் அக்கா தங்கைகள்.

கோடை முற்றினால் அந்த மேட்டுக்கு நெருப்பு வரும். பழகிய விருந்தாளிதான். புகை வாடை அடித்ததும் புற்கள் உயிரைச் சுருட்டிக்கொண்டு வேருக்குள் இறங்கிவிடுவார்கள். மேலே கிடப்பதை நெருப்பு தின்றுவிட்டுப் போகும். மழை வரும்வரை கீழேதான் வாசம். வேரோடு வேர் பின்னிக்கொண்டு, போன காற்றில் யார் எப்படி விழுந்தாள் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வருஷம் முழுக்கச் சடைச்சி காத்திருந்தது அந்த நாட்களுக்காகத்தான்.

அந்தக் கோடையில் ஒரு காடை அவள் மடியில் முட்டையிட்டிருந்தது. பார்த்துக்கொள், தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று ஓடைக்குப் போனது. அது போன கொஞ்ச நேரத்தில் புகை வந்தது.

எல்லாரும் இறங்கத் தொடங்கினார்கள். மூத்தவள் ஊசிப்புல் பாதியில் நின்று திரும்பினாள்.

"என்னடி, சீவிச் சிங்காரிச்சுக்கிட்டுத்தான் வருவியா? இறங்கு."

"முட்டை இருக்குக்கா."

"காடை மறுபடியும் போட்டுக்கும். நெருப்பு வர்றப்ப மேலே நின்னவளுக்கு அப்புறம் இறங்க வழி கிடையாது. தெரியும்ல?"

சடைச்சிக்குத் தெரியும். கீழே தங்கைகள் அதற்குள் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். மடியில் முட்டைகள் கதகதப்பாக இருந்தன.

"நீங்க போங்கக்கா," என்றாள்.

பிறகு வேரிலிருந்த உயிரையெல்லாம் மேலே இழுத்தாள். இலைகளின் அடிகளை ஒன்றோடொன்று நெருக்கி, உடம்பில் ஊறிய பிசினைப் பூசி, முட்டைகளைச் சுற்றிச் சுவர் வைத்தாள். நெருப்பு வந்தது. தெரிந்தவளாயிற்றே என்று அது தயங்கவில்லை. அதன் வேலை அது. தலை எரிந்தது, மேனி கரிந்தது. சுவர் நின்றது.

காடை திரும்பியபோது மேடு முழுக்க ஒரே கறுப்பு. தன் இடம் எது என்று தெரியாமல் சுற்றிச் சுற்றிப் பறந்தது. கூப்பிடலாம் என்றால் சடைச்சியின் குரல் புகையோடு போயிருந்தது. மிச்சமிருந்த பலத்தைத் திரட்டி, தலை நடுவிலிருந்து நீளமாக ஒரு தண்டை நிமிர்த்தினாள். அதன்மேல் வெள்ளைப் பூக்கள் அடர்ந்தன. காடை நேராக அதன் அடியில் வந்து இறங்கியது.

மழை பெய்து புற்கள் எழுந்தபோது, கரிக்கு நடுவே காடைக்குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன. முட்டைக்கு வைத்த சுவர் அடிமரமாக வளர்ந்து, சடைச்சி எங்கோ உயரத்தில் இருந்தாள்.

"கொஞ்சம் குனியேன்டி," என்றாள் ஊசிப்புல்.

குனிய முடியவில்லை. காய்ந்த இலைகளை மட்டும் தரையைப் பார்த்துத் தொங்கவிட்டாள். அடுத்த கோடையில் புகை வந்ததும் அக்காக்கள் இறங்கினார்கள். அவள் நின்றாள்.

அன்றைக்கு நின்றவள்தான், இன்னும் நிற்கிறாள். அந்த நாட்டில் புல்மரம் என்று சொல்வது அவளைத்தான். புல்லாகப் பிறந்த புல்மரத்துக்குக் கரிபிடித்த அடிமரம் வந்ததும், காடு எரிந்து அடங்கியதும் அது வெள்ளையாகப் பூப்பதும் அப்போதிருந்துதான். காய்ந்த இலையை அது உதிர்ப்பதில்லை. கோடையில் மண்ணுக்குள் சிரிப்புச் சத்தம் கேட்டால், முதலில் அசைவது அந்த இலைகள்தான்.