கடைசி வீட்டுக்கு எத்தனை குடம்

கணக்கு வாத்தியார் தயாபரனுக்கு ஒரு குரு இருந்தார். பெயர் சுகிர்தா. வயதில் இவரைவிடச் சின்னவர். இருவரும் ஒரே நிறுவனத்தில் ஆன்லைன் வகுப்பு எடுத்தார்கள். சுகிர்தாவின் வகுப்பில் நேரம் முடிந்தும் பிள்ளைகள் எழுந்து போகமாட்டார்கள். தயாபரன் வகுப்பிலோ வெறும் கறுப்புக் கட்டங்கள். உள்ளே பிள்ளை இருக்கிறதா, தூங்குகிறதா என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.

இப்படியே போனால் வகுப்பைப் பிடுங்கிக்கொண்டு, பதிவு செய்த வீடியோவைப் போட்டுவிடுவோம் என்று கண்காணிப்பாளர் சொல்லிவிட்டார்.

தயாபரன் குருவிடம் போனார்.

“டீச்சர், பொம்மை போட்டேன். கைத்தட்டல் சத்தம் வச்சேன். சூத்திரத்தைப் பாட்டாவே பாடிட்டேன். ஒண்ணும் வாயைத் திறக்க மாட்டேங்குது. கணக்கு மேல அதுங்களுக்கு ஆசை வர என்னதான் செய்யணும்?”

“நாளைக்கு நான் வந்து உட்காருறேன்” என்றார் சுகிர்தா.

மறுநாள் திரையில் ஒரு யானைப் பொம்மை தொட்டிக்குள் துள்ளியது. மேல் குழாய் தொட்டியை மூன்று மணி நேரத்தில் நிரப்பும். அடிக் குழாய் ஐந்து மணி நேரத்தில் காலி செய்யும். இரண்டையும் திறந்துவிட்டால் தொட்டி எப்போது நிறையும்?

“சார்!” என்று ஒரு கட்டத்திலிருந்து குரல் வந்தது. பேரின்பா என்ற பெண். “அடிக் குழாயை மூடித் தொலைக்காம எந்தக் கிறுக்கன் சார் தண்ணி விடுறான்?”

கட்டங்கள் எல்லாம் சிரித்தன.

“விளையாடாதம்மா. கணக்கைப் போடு.”

“விளையாடல சார். எங்க தெருவுக்குத் தண்ணி லாரியே வாரம் ஒருக்காதான் வருது. நாங்க கடைசி வீடு. எங்ககிட்ட வர்றதுக்குள்ள…”

தயாபரன் அவள் மைக்கை அணைத்தார். யானை மறுபடி துள்ளியது. அதன்பின் வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

வகுப்பு முடிந்ததும் சுகிர்தா வீடியோவில் அழைத்தார்.

“பார்த்தீங்களா டீச்சர்? எதைச் சொன்னாலும் உம்முனு இருக்குதுங்க. போன வாரமும் இப்படித்தான்…”

பேசிக்கொண்டே போனார் தயாபரன். சற்றுக் கழித்துத்தான் தன் மைக்கின் மேல் சிவப்புக் கோடு விழுந்திருப்பதைப் பார்த்தார். திறந்து பார்த்தார், முடியவில்லை. கை அசைத்தார். பாவம், முகமே சிவந்துவிட்டது. அந்தப் பக்கம் சுகிர்தா நிதானமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் இவர் மைக்கைத் திறந்துவிட்டார்.

“என்ன டீச்சர் இது! நான் முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கேன்!”

“பேரின்பாவும் பேசிட்டுத்தான் இருந்தா.”

அடுத்த வகுப்பில் யானை வரவில்லை.

“பேரின்பா, அன்னைக்கு நான் உன் வாயை அடைச்சது தப்பு. நீ சொல்லவந்ததைச் சொல்லும்மா” என்றார் தயாபரன்.

“வேணாம் சார். மறுபடி அணைச்சிடுவீங்க.”

“மாட்டேன்.”

 “லாரி அரை மணி நேரம்தான் நிக்கும் சார். முன் வீட்டுக்காரங்க டிரம் வச்சுப் பிடிச்சுக்கிறாங்க. கடைசி வீட்டுக்கு எத்தனை குடம் மிஞ்சும்? அதைப் போடுங்க” என்றாள்.

“டிரம்முக்கு எத்தனை குடம் கொள்ளும்?” என்று ஒரு கட்டம் கேட்டது.

“குழாய் எவ்ளோ வேகமா ஊத்தும்? அது தெரியாம எப்படிப் போடுறது?”

“வீட்டுக்கு இவ்ளோன்னு பிரிச்சுட்டாப் போச்சு!”

“அதெப்படி? எங்க வீட்ல பத்துப் பேரு. ஆளுக்கு இவ்ளோன்னு பிரி!”

“அப்ப ஒத்தையா இருக்கிற ஆயாவுக்கு அரைக் குடமா?”

முகங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. ஒருத்தி நிஜமாகவே குடத்தைத் தூக்கிவந்து காட்டினாள். வகுப்பு நேரம் முடிந்தது. யாரும் போகவில்லை.

அப்போதுதான் கண்காணிப்பாளரின் செய்தி வந்தது: ‘பாடத்திட்டத்தில் லாரி இல்லை. உடனே தொட்டிக்குத் திரும்பவும். இல்லையென்றால் நாளை முதல் உங்களுக்கு வகுப்பு இல்லை.’

தயாபரன் பிள்ளைகளை அப்படியே சண்டை போடவிட்டுவிட்டு, சுகிர்தாவைப் போனில் பிடித்து, செய்தியைப் படித்துக் காட்டினார்.

“என்ன பதில் போடட்டும், டீச்சர்?”

“பிள்ளைங்க எங்கே நிக்குதுங்க?”

“வீட்டுக்கா, ஆளுக்கான்னு அடிச்சுக்குதுங்க.”

“அவரையும் வந்து உட்காரச் சொல்லுங்க சார்” என்றார் சுகிர்தா. “விடை தெரிஞ்சா கை தூக்கட்டும்.”