தங்க முலாமும் சாண் கேபிளும்

'டொய்ங்' என்று சத்தம் கேட்டது, கேபிள் கணினியையும் டிஸ்க்கையும் சேர்த்துவிட்டது. கல்யாண வீடியோ டிஸ்க்கில் ஏற இரண்டு மணி நேரம் ஆகும் என்றது கணினி. மண்டபத்தில் படம் காட்ட அரைமணிதான் இருந்தது. திரையில் ஓடவேண்டிய படம் நின்றுபோக, மணப்பெண் பனியில் உறைந்தவள்போல் காத்திருந்தாள்.

"தங்க முலாம் பூசின கேபிள், ரெண்டாயிரம் ரூபாய்! விளக்கு பிடிக்கிற நீதான் எதையோ கெடுத்திருக்கே. நேரத்துக்கு ஏறலேன்னா நாளையிலிருந்து வராதே," என்றார் ஸ்டுடியோ முதலாளி தணிகாசலம்.

செங்கமலம் அந்தக் கேபிள் வந்த அட்டையின் பொடி எழுத்தைப் படித்தாள். "வேகம்னு போட்டிருக்கறது சார்ஜ் ஏத்தறதுக்கு சார். வீடியோவுக்கு இல்லே."

பையிலிருந்து தன் நானூறு ரூபாய்க் கேபிளை எடுத்தாள்.

"ஒரு சாண்கூடத் தேறாதே!" என்றார் முதலாளி.

"ஓடுறவன் வேட்டியை மடிச்சுத்தானே சார் கட்டுவான்?"

மாட்டினாள். பத்தே நிமிடம் என்றது கணினி. திரையில் உறைந்திருந்த மணப்பெண் அசைந்து, மெல்ல மிதந்து போனாள்.

முதலாளி தங்கக் கேபிளைச் சட்டைப்பைக்குள் திணித்தார். "நாளைக்குச் சீக்கிரம் வந்துடு."

"சரி சார்," என்று செங்கமலம் விளக்கு ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள்.