பேசாத பொய்

தத்துவத் துறைத் தலைவர் ஆளவந்தாருக்குக் கலைஞர்கள் மேல் கோபம் ஒன்றும் கிடையாது. அவர்களும் சிந்திக்கிறார்கள் என்று யாராவது சொன்னால்தான் கோபம் வரும். அஞ்சலாட்சி அதையே முனைவர் பட்டத்துக்குத் தலைப்பாகக் கொண்டுவந்தாள்: 'கூத்தின் சிந்தனை'. அவர் தலைமையிலான மூவர் குழு ஒப்புக்கொள்ளாவிட்டால் அவளுடைய ஆய்வுப் பதிவு ரத்தாகிவிடும்.

"மெய்யா பொய்யான்னு கேட்க முடிஞ்சாத்தாம்மா அது சிந்தனை," என்றார் ஆளவந்தார். "ஆட்டத்தைப் பாத்து யாராவது பொய்யின்னு சொல்வாங்களா? எங்க, ஒரு வார்த்தை பேசாம எங்கிட்ட ஒரு கருத்தைச் சொல்லு, பாக்கலாம்."

"சரிங்கய்யா."

அஞ்சலாட்சி நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தாள். இல்லாத மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள். யாரோ கட்டுரை வாசிக்கக் கேட்பவர்போல் கம்பீரமாகத் தலையாட்டினாள். ஆட்டம் மெல்ல மெல்லத் தளர்ந்து, தலை மார்பில் விழுந்தது. வாய் பிளந்தது.

குழுவின் மற்ற இருவரும் மேசைக்கடியில் எதையோ தேட ஆரம்பித்தார்கள்.

"பொய்!" என்று ஆளவந்தார் மேசையைத் தட்டினார். "போன வாரக் கருத்தரங்குல நான் தூங்கவே இல்ல. கண்ணை மூடி யோசிச்சிட்டிருந்தேன்!"

அஞ்சலாட்சி எழுந்து கைகட்டி நின்றாள்.

"இருக்கலாங்கய்யா. ஆனா நான் வாயே தொறக்கலியே. எதைப் பொய்யிங்கறீங்க?"

ஆளவந்தார் அவளுடைய விண்ணப்பத்தை இழுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"இருந்தாலும்," என்றார் பேனாவை மூடிக்கொண்டே, "அந்த வாயைப் பிளந்தது கொஞ்சம் மிகை."