இளவரசியின் இடதுகைக் கத்தி

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கொன்றைநாடு என்று ஒரு நாடு. அதை மாறவேல் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் குறை சொல்லாமல் அவருக்கு ஒரு வாய் சோறு இறங்காது. மழை பெய்தால் சேறு என்பார், பெய்யாவிட்டால் புழுதி என்பார். அவர் குறையே சொல்லாத ஒரே ஆள் மகள் அல்லியங்கோதைதான்.

அல்லிக்கு இடதுகைப் பழக்கம். மாங்காய்க் காலம் வந்தால் அப்பாவும் மகளும் தோட்டத்தில் உட்கார்ந்து, மாங்காயை நறுக்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுத் தின்பார்கள். அரண்மனைக் கத்தியெல்லாம் வலதுகைக்காரர்களுக்குச் செய்தது. அது அவள் கையில் கோணிக்கொண்டே போகும், விரலை வெட்டிக்கொள்வாள்.

அவளுக்குப் பக்கத்து நாட்டு இளவரசனோடு கல்யாணம் ஆயிற்று. சீர்வரிசையெல்லாம் வண்டியில் ஏறிவிட்டது. புறப்படுகிற நேரத்தில் ராஜா, "என் மகள் கைக்கென்றே ஒரு கத்தி செய்யவேண்டும். அது முடியட்டும், அப்புறம் போகலாம்" என்றார்.

வந்தார் அரண்மனைக் கொல்லர் வைரவ ஆசாரி. அல்லியின் இடதுகையில் தேன்மெழுகு உருண்டையைக் கொடுத்து, "இறுக்கிப் பிடிங்கம்மா" என்றார். அதில் பதிந்த விரல் அச்சைப் பார்த்துக் கருங்காலியில் பிடி செதுக்கினார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி அடித்து, எண்ணெயில் முக்கி, இடதுகைக்கு ஏற்றபடி ஒரு பக்கம் மட்டும் சரிவாக அராவினார். பிடியைச் சொரசொரப்பான பிராய் இலையால் தேய்த்து மினுக்கி, வெள்ளிப் பூண் போட்டுக் கொண்டுவந்தார்.

ராஜா அதை வலதுகையில் பிடித்துப் பார்த்துவிட்டு, "வழுக்குகிறதே!" என்றார்.

ஆசாரி பிடியில் மெல்லிய வரி போட்டு வந்தார். "இப்போது உறுத்துகிறதே!" வரியைத் தேய்த்து எடுத்து வந்தார். "முனை என்னைப் பார்த்து முறைக்கிறதே!"

இதற்கு யார் என்ன செய்யமுடியும், சொல்லுங்கள்? மாப்பிள்ளை வீட்டு வண்டிமாடுகள் சும்மா தின்றே கொழுத்துப்போயின.

ஆயுதசாலை அதிகாரி வல்லபராயன் சும்மா இருப்பானா? அரண்மனைக் கொல்லுலையைத் தன் மைத்துனனுக்கு வாங்கித் தரவேண்டும் என்று அவனுக்கு வெகுநாள் ஆசை. "மகாராஜா, இந்த ஆளுக்குத் தொழிலே தெரியவில்லை. நாளைக்கும் குறை இருந்தால் உலையை அவித்து, ஆளை நாட்டைவிட்டே துரத்துங்கள்" என்று ஓதினான். ராஜாவும் வேறு ஏதோ நினைப்பில் தலையாட்டிவிட்டார்.

ஆசாரி நேராக மந்திரி அறவாழியின் வீட்டுக்குப் போனார். "ஐயா, இதில் எங்கே குறைன்னு நீங்களாவது காட்டுங்க, நானே உலையை அவிச்சிடுறேன். பொண்டாட்டி பிள்ளையோட நான் எங்கே போவேன்?" என்று கண்கலங்கினார்.

மந்திரி கத்தியை ரொம்ப நேரம் பார்த்தார். "குறை கத்தியில் இல்லை ஆசாரி. இது முடிந்தால் பெண் போய்விடுவாள். அதுதான் ராஜாவுக்கு உறுத்துகிறது. நீர் கத்தியின் கூரை மழுக்கிவிட்டு, சாணைக்கல்லோடு விடியற்காலையில் மாந்தோட்டத்துக்கு வாரும்."

"நான் வச்ச கூரை நானே மழுக்கவா? அடுக்குமா ஐயா?"

"ஒரு நாளைக்குப் பல்லைக் கடித்துக்கொள்ளும்."

விடிந்ததும் ராஜா தோட்டத்துக்கு உலாவ வந்தார். மந்திரி கும்பிட்டு, "மகாராஜா, எல்லாம் ஆயிற்று, கூர் மட்டும் பாக்கி. அதைத் தகப்பன் கைதான் வைக்கவேண்டும்" என்றார்.

"எனக்குத் தீட்டத் தெரியாதே!"

"மகளை அனுப்பவும்தான் தெரியவில்லை. இரண்டையும் இன்றைக்கே கற்றுக்கொள்வோம்."

வேறு யாராவது சொல்லியிருந்தால் தலை போயிருக்கும். ராஜா பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கல்லில் தண்ணீர் தெளித்துத் தீட்டினார். "அழுத்தாதீங்க மகாராஜா, லேசா விடுங்க" என்றார் ஆசாரி. கொஞ்ச நேரத்தில் கல்லின்மேல் கண்ணீரும் சொட்டியது. "அவள் போய்விட்டால் நான் யாரோடு உட்கார்ந்து மாங்காய் தின்பேன் அறவாழி?" என்று விம்மினார். மந்திரி அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

சபை கூடியது. "வல்லபராயரே, கத்தி முடிந்தது. நீர்தான் கெட்டிக்காரர், பார்த்துச் சொல்லும்" என்றார் மந்திரி.

வல்லபராயன் விரலை வைத்துத் தடவினான். "சேச்சே! ஒரு இடத்தில் மேடு, ஒரு இடத்தில் பள்ளம். தூக்கத்தில் தீட்டினானா, கள்ளைக் குடித்துவிட்டுத் தீட்டினானா?"

"அழுதுகொண்டே தீட்டினான்" என்றார் ராஜா. "தீட்டியது நான்."

வல்லபராயன் கத்தியை அவசரமாகக் கீழே வைத்தான்.

"நீர் இப்போது சொன்னது நிஜம். ஆனால் ஆசாரி வேலையில் நான் சொன்ன குறையெல்லாம் பொய். அந்தப் பொய்க்கு ஆமாம் போட்டு, ஒரு மனுஷன் பிழைப்பைக் கெடுக்கப் பார்த்தீரே! போம், அடுத்த மாங்காய்க் காலம் வரை அவர் உலையில் துருத்தி ஊதும்." ராஜா எழுந்து போய்த் தன் மேலாடையை ஆசாரி தோளில் போர்த்தினார். "மன்னித்துக்கொள்ளும் ஆசாரி. அந்த உலை இனி உம்முடையது, உம்ம பிள்ளைகளுடையது."

அப்புறம் கத்தியை எடுத்து மகளிடம் நீட்டப்போனவர், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "கத்தியைக் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்பார்களே, அறவாழி!"

"அப்படியானால் கொடுக்கவேண்டாம், இரவல் விடுங்கள்" என்றார் மந்திரி. "இரவல் பொருளைத் திருப்பிக் கொண்டுவந்துதானே ஆகவேண்டும்? கூர் மழுங்கும்போதெல்லாம் வரட்டும், நீங்களே தீட்டி மறுபடி இரவல் விடுங்கள்."

ராஜாவின் முகம் மலர்ந்தது. கத்தியைக் கையில் கொடுக்காமல் தரையில் வைத்தார். அல்லி குனிந்து இடதுகையால் எடுத்தாள். ஒரு மாங்காயை நறுக்கினாள், கோணாமல் போயிற்று. முதல் துண்டை அப்பா வாயில் ஊட்டிவிட்டு, அழுதபடி வண்டி ஏறினாள்.

அடுத்த மாங்காய்க் காலம் வரை அவள் எங்கே பொறுத்தாள்? மாமரம் பூக்குமுன்னே வந்து நின்றாள். "அப்பா, கத்தி மழுங்கிப்போச்சு!"

ராஜா வாங்கிப் பார்த்தார். கருங்கல்லில் வேண்டுமென்றே தேய்த்த கீறல் கூரெல்லாம் கிடந்தது. மழையிலும் வெயிலிலும் குறை கண்ட அந்த மனுஷர், அதை மட்டும் கண்டும் காணாததுபோல் விட்டுவிட்டார். "ஆமாம்மா, ரொம்ப மழுங்கிவிட்டது. தீட்ட நாளாகும், இருந்துவிட்டுப் போ" என்று சாணைக்கல்லைக் கொண்டுவரச் சொன்னார்.